நிழல் பக்கத்து லைன்

கண் லைனில், காது பந்தில். இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியதும் இதைத்தான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், பரீட்சைக் கூடத்தில் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பதிவு எண்ணை மூன்று தடவை சரிபார்ப்பேனே, அதுபோல. கோல் காக்கும் கோலியை விட்டுவிட்டால் கடைசி டிஃபெண்டர் யாரோ அவனுக்கு நேராக நான் நிற்க வேண்டும். அவன் ஏறினால் நானும் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும், மைதானத்துக்கு முதுகு காட்டாமல், நண்டு மாதிரிப் பக்கவாட்டில். பந்தைப் பார்க்கக் கூடாது. பந்து உதைபடும் சத்தம் காதில் விழும். 'தட்' என்று விழுந்த அந்த நொடியில் கண் முன்னால் இருப்பதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்: முன்னே நிற்கும் ஸ்ட்ரைக்கர் டிஃபெண்டரைத் தாண்டி நிற்கிறானா, இல்லையா. தாண்டியிருந்தால் ஆஃப்சைடு, கொடியைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. பந்து எங்கே போனது, யார் எப்படி அடித்தார், கூட்டம் ஏன் கத்துகிறது என்பதெல்லாம் என் வேலை இல்லை. பயிற்சி கொடுத்த மேடம் முதல் நாளே சொன்னார்: "மேட்ச் பார்க்க ஆசையா இருந்தா போய் கேலரியில உக்காரு. கொடி புடிச்சவளுக்கு மேட்ச் கிடையாது." அன்றைக்குச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. நாக்கு வறண்டிருக்கிறது. தண்ணீர் பாட்டிலை எங்கே வைத்தேன்? கார்னர் கம்பத்துக்குப் பக்கத்தில். மூடியைச் சரியாக மூடினேனா? இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன். நாலாம் நம்பர். கால்வாய் பிரதர்ஸ் அணியில் நாலாம் நம்பர் போட்ட உயரமான பையன்தான் கடைசி டிஃபெண்டர். அவனுடைய குதிகாலைப் பார். குதிகாலை மட்டும் பார்.

எதிர்ப்பக்கத்தில் வெயிலில் போட்ட சாமியானாவுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், தேர்வாளர் விஜயராகவன் சார் மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். மேட்ச்சை எழுதவில்லை, என்னை எழுதுகிறார். இன்றைக்கு நான் பாஸானால் மாநில நிலை நடுவர் சான்றிதழ் கிடைக்கும். ஃபெயிலானால் மூன்றாவது தடவை ஃபெயில். முதல் தடவை ஓட்டத் தேர்வில் கோட்டைவிட்டேன், அரை நொடி. இரண்டாவது தடவை, மழை வந்து மேட்ச் பாதியில் நின்றுபோய், மதிப்பெண் போட முடியாது என்றார்கள். அது ஃபெயில் இல்லை என்று வீட்டில் சொன்னேன், ஆனால் தாளில் 'தகுதி பெறவில்லை' என்றுதான் இருந்தது. ஜூன் பத்தாம் தேதிக்குள் சான்றிதழைக் கொண்டுவந்தால் விளையாட்டு உதவி ஆசிரியர் வேலை உனக்குத்தான் என்று நான் விண்ணப்பித்திருக்கும் பள்ளிக்கூடத்து பிரின்சிபால் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மே இருபத்தாறு. பி.காம். முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான் என்று தாசில்தார் அலுவலகம் கொடுத்த தாள் ஒன்று இருக்கிறது. அது கைக்கு வந்த அன்றே, கசங்கிவிடக் கூடாதென்று, அப்பா லாமினேட் பண்ணிவிட்டார். கல்லூரியில் அதன் பின்பக்கம் ஒரு முத்திரை வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கிளார்க் பிளாஸ்டிக்கைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "இது மேல எப்டிமா சீல் குத்துறது, வழுக்கினு போவுது" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி ஒன்பது நாள் அலைந்து இரண்டாவது தாள் வாங்கினோம். அப்போதிலிருந்து எந்தத் தாளையும் நான் அப்பா கையில் கொடுப்பதில்லை. அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஆசையாகத்தானே பண்ணினார்.

தட். நீளமான பந்து. நாலாம் நம்பர் பின்னால் ஓட, நானும் ஓடுகிறேன். டேங்க் பாய்ஸின் ரியாஸ், பதினோராம் நம்பர், அவனைத் தாண்டாமல்தான் இருந்தான். கொடி கீழே. சரி. பந்து கோலிக்குப் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் நிழலில் குந்தியிருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அக்கா! கொடி அக்கா! பச்சக் கொடி காட்டுக்கா, கும்மிடிப்பூண்டி வண்டி கெளம்பட்டும்!" இன்னொருவன், "டேய், அது ரயில் கார்டு இல்லடா, கேட்கீப்பரு" என்கிறான். சிரிக்கிறார்கள். எல்லாக் கிரவுண்டிலும் இதேதான். முன்பெல்லாம் காது சூடாகும். இப்போது அந்தக் குரல்களைத் தெருவில் போகும் ஹாரன் மாதிரி எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன், முக்கால்வாசி. யார் என்ன கத்தினாலும் உப்பில்லாத பூசணிக்காய் தின்ற மாதிரி முகம் வைத்துக்கொள்ளச் சொன்னார் தனசேகர் சார். அவர்தான் இன்றைக்கு நடு ரெஃப்ரி. தொந்தி வைத்தும் நன்றாக ஓடுவார்.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். டேங்க் பாய்ஸின் கிருபா அண்ணன். எனக்கு நாலு அடி முன்னால், கோட்டை ஒட்டி, இடுப்பில் கை வைத்து நிற்கிறார். நிழலில். ஹவுசிங் போர்டு பிளாக்குகளின் நிழல் மூன்று மணிக்கு மேல் மேற்குக் கோட்டில் வந்து விழும், மெதுவாக அகலும். அந்த நிழல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அவ்வளவு தூரம்தான் கிருபா அண்ணனின் மைதானம். முதல் பாதியில் வலது விங்கில் ஆடினார், அணிகள் பக்கம் மாறியதும் இடது விங்குக்கு வந்துவிட்டார், ஏனென்றால் நிழல் பக்கம் மாறாதே. இருபது வருஷமாக இப்படித்தான். எத்தனை கோச்சுகள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். "வெயில்ல மூள உருகிப்பூடும்" என்பாராம். இப்போது வயது நாற்பத்து மூன்று. முட்டியில் நீலத் துணி சுற்றியிருக்கிறார். காலையில் அந்தச் சாமியானாவைக் கட்டியதே அவர்தான். பந்தல் போடும் வேலைதான் இப்போது பார்க்கிறார். மூங்கில் மேல் ஏறிக் கயிறு முடிந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "இன்னாமா, நெழல் போதுமா?" என்று கேட்டார். அவரை இந்த செமிஃபைனலுக்கு எடுத்தது ஆடுவதற்காக இல்லை, நோட்டீஸில் பெயர் போடத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் போட்டதும் கூட்டம் வந்துவிட்டது. ஆறாவது மாடி பால்கனியில்கூடத் துணிகளை ஒதுக்கிவிட்டு நிற்கிறார்கள். டேங்க் பாய்ஸ் பூஜ்யம், கால்வாய் பிரதர்ஸ் ஒன்று. கிருபா அண்ணன் இதுவரை பந்தைத் தொட்டது ஆறு தடவையோ ஏழு தடவையோ. எண்ணியிருக்கக் கூடாது. எண்ணினேன் என்றால் பார்த்திருக்கிறேன்.

"நீ சகாயம் பொண்ணு தான?" திரும்பாமலே கேட்கிறார். நான் நாலாம் நம்பரைப் பார்க்கிறேன். "பேசக் கூடாதா? சரி, நீ பேசாத. எனக்கு ரூல் இல்ல, நான் பேசுறேன். உங்கப்பன் பாரு, வெயில்ல குந்தினுகிறான். நெழல்ல எடமே இல்லியாமா அவனுக்கு?" எனக்குத் தெரியும், பார்க்காமலே தெரியும். சாமியானாவுக்குப் பக்கத்தில், கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கால்களை நீட்டி. என் எதிரே உட்கார்ந்தால்தான் என் முகம் தெரியும் என்று அங்கே போயிருப்பார். இல்லை, நேர்மையாகச் சொன்னால் அது பாதி உண்மைதான். எதிரே உட்கார்ந்தால் கிருபாவும் தெரிவார். ஹார்பரில் மூட்டை இறக்கும் வேலை அப்பாவுக்கு. கிருபா ஆடுகிறார் என்றால் அன்றைக்கு வேலைக்குப் போக மாட்டார். அம்மா சத்தம் போடுவாள்: "அந்தாளு ஆடுவானா மாட்டானான்னு அவனுக்கே தெரியாது. அத்த நம்பி இவுரு போறாரு." அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "தெரிஞ்சா எதுக்குடி போறேன்" என்பார். என்னையும் தூக்கிக்கொண்டு போவார். நான் எத்தனை மேட்ச் பார்த்தேன்? இதை நிறையத் தடவை கணக்குப் போட்டிருக்கிறேன். பதினொன்று. அதில் ஒன்றில் தூங்கிவிட்டேன். ஒன்றில் இடைவேளையோடு கிருபா கிளம்பிவிட்டார், நண்பன் தங்கைக்குச் சீர்வரிசை தூக்கிப் போக ஆள் வேண்டுமென்று. ஏழில் ஒன்றும் நடக்கவில்லை. நிழலில் நின்றார், வந்த பந்தை வேறு யாருக்காவது தட்டிவிட்டார், லெமன் ஜூஸ் குடித்தார். "இன்னிக்கி மூடு இல்ல அவருக்கு" என்பார் அப்பா, ஏதோ மேகம் கலைந்துபோன மாதிரி, கோபமே இல்லாமல். மீதி இரண்டு. அந்த இரண்டைத்தான் நான் பார்த்தேன் என்று சொல்ல முடியும்.

தட். கொடி கீழே. த்ரோ, டேங்க் பாய்ஸுக்கு. கையைச் சரியான பக்கம் காட்டினேனா? காட்டினேன். விஜயராகவன் சார் குனிந்து எழுதுகிறார். எதை? ஒருவேளை தேதியைப் போடுகிறாராக இருக்கும். முன்பே போட்டிருப்பாரே. அந்த இரண்டில் ஒன்பது வயதில் பார்த்ததுதான் இன்னும் மறக்கவில்லை. கோலி உதைத்த பந்து ரொம்ப உயரத்தில் போய் அங்கேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கிருபா அதைப் பார்க்கவே இல்லை, எதிர்ப்பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தார். எல்லோரும் "கிருபா, பால், பால்" என்று கத்துகிறார்கள். அவர் லேசாகக் குனிந்தார், சட்டைக்குள் எறும்பு போனவர் குனிகிற மாதிரி. பந்து வந்து அவருடைய இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தது. விழவில்லை. துள்ளவும் இல்லை. அதை முதுகில் வைத்துக்கொண்டே இரண்டு அடி நடந்தார், பிறகு நிமிர்ந்தார், அது வழிந்து குதிகாலுக்கு வந்தது. அப்பா என் கணுக்காலை அழுத்திப் பிடித்தார். நான் அவர் தோளில் இருந்தேன். இதற்குப் பிறகு கோல் விழுந்ததா என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. விழுந்தது என்று அப்பா சொல்வார். டேங்க் பாய்ஸ் அன்றைக்குத் தோற்றதாகத்தான் மற்றவர்கள் சொல்கிறார்கள்.

கிருபாவைப் பற்றி மற்றதெல்லாம் காதால் கேட்டது. மாநில அணி முகாமுக்குத் தேர்வாகி, மறுநாள் ரயில் ஏற வேண்டியவர், தெருவில் இஸ்திரி போடும் எத்திராஜ் செத்துப்போனார் என்று சாவுக்கு ஆடப் போனார். பறைக்கு முன்னால் ஆடியதில் கணுக்கால் பிசகிவிட்டது. இப்படி ஒரு கதை. தூங்கிப்போய் ரயிலை விட்டுவிட்டார் என்று இன்னொரு கதை. முதல் கதைதான் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம். ஒரு அரசு நிறுவனம் விளையாட்டு ஒதுக்கீட்டில் கூப்பிட்டு வேலை கொடுத்தது, அது கதை இல்லை, அடையாள அட்டையை அப்பா பார்த்திருக்கிறார். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும், பிறகு பிராக்டீஸ். அந்தக் கையெழுத்துக்கு அவர் ஒழுங்காகப் போகவில்லை. ஒரு வாரம் போவார், நாலு வாரம் போக மாட்டார், அந்த வேலை போய்விட்டது. கையெழுத்துதானே. எனக்குக் கல்லூரியில் மூன்று வருஷமும் நூறு சதவீத வருகை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விட்டதில்லை. யாருக்கும் என்னால் ஒரு நாளும் ஏமாற்றம் இல்லை. ஆனால் என்னைப் பார்க்க யாரும் வேலையை விட்டுவிட்டு வந்ததில்லை. இது பொறாமையா? பொறாமை என்றால் அவருக்குக் கிடைத்தது எனக்கு வேண்டும் என்று இருக்க வேண்டும். முட்டியில் துணி சுற்றிக்கொண்டு மூங்கில் ஏறுவதா எனக்கு வேண்டும்? இல்லை. வேண்டியது வேறு. முதுகில் பந்து வந்து உட்காரும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும்.

நாலாம் நம்பர். எங்கே அவன்? இதோ. இரண்டு அடி பின்தங்கிவிட்டேன். நகர். நகர்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை. "சகாயம் பொண்ணு, ஸ்லீப் ஆவாத" என்கிறார் கிருபா அண்ணன். இவர் என்னைப் பார்க்கவே இல்லையே, எப்படித் தெரிகிறது? வெயில் பக்கத்திலிருந்து டேங்க் பாய்ஸ் கோச் கத்துகிறார்: "கிருபா, உள்ள வாடா! நடுவுல வா!" அவர் கையை உயர்த்தி, வருகிறேன் என்கிற மாதிரி ஆட்டிவிட்டு, அங்கேயே நிற்கிறார். பின்னால் சிரிப்பு. "ரேஷன் கடை வரிசடா அது, எடத்த வுட்டா பூடும்!" பத்தொன்பதாவது நிமிஷம். இரண்டாம் பாதி முப்பது நிமிஷம். அப்போது பந்து அவருக்கு வருகிறது. தட், அது அவருக்கு வந்த பாஸ், அந்தச் சத்தம் கேட்டது. அடுத்த சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். கண் லைனில்தான் இருக்கிறது, சத்தியமாக, ரியாஸும் நாலாம் நம்பரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். சத்தம் வரவில்லை. அவர் காலில் பந்து பட்டால் சத்தம் வராது. இதை அப்பா சொல்லியிருக்கிறார், பால்கனியில் நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், நடுவர் பயிற்சி முகாமில்தான் யாரும் சொல்லித்தரவில்லை. சத்தம் வராவிட்டால் எப்போது பார்ப்பது? பந்து போய்விட்டதா? இன்னும் அவரிடம்தான் இருக்கிறதா? ஒரே ஒரு தடவை, கண்ணின் ஓரத்தால். திரும்பிவிட்டேன்.

அவர் வலது காலைப் பந்துக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார். தொடவில்லை. அரை அடி உயரத்தில் பாதம் நிற்கிறது, படிக்கட்டு இருக்கிறது என்று நம்பிக் காலெடுத்து வைத்தவர் போல. அவரை மார்க் பண்ணும் இரண்டாம் நம்பர் பையன் அந்தப் பாதத்தைப் பார்க்கிறான். நானும் பார்க்கிறேன். பாதம் எந்தப் பக்கம் இறங்கும்? பையன் இடது பக்கம் என்று முடிவு பண்ணிச் சாய்கிறான், பாதம் இறங்கவில்லை, அவன் வலது பக்கம் சாய்கிறான், இறங்கவில்லை, அப்புறம் அவனுடைய கால்கள் ஒன்றையொன்று தட்டி அவன் உட்கார்ந்துவிட்டான். யாரும் தொடவில்லை அவனை. தரையில், சாப்பாட்டுப் பந்தியில் உட்காருகிற மாதிரி. என் பின்னால் நூறு பேர் ஒரே மூச்சை இழுக்கிறார்கள். பாதம் அப்போதுதான் இறங்கியது, பந்தின் பின்பக்கத்தைத் தடவின மாதிரிதான் இருந்தது, பந்து உருண்டு போனது. என் தொண்டைக்குள் ஏதோ சிரிக்கிறது. ஒன்பது வயது. பிறகு கூட்டம் கத்துகிறது, வலை அசைகிறது, ரியாஸ் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறான், நாலாம் நம்பர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு வருகிறான்: "லைன்! லைன்! ஆஃப்சைடு, லைன்!"

பாதம் பந்தைத் தொட்டபோது ரியாஸ் எங்கே நின்றான்? மனசில் தேடுகிறேன். படம் இல்லை. அந்த இடத்தில் பாதம்தான் இருக்கிறது. கால்வாய் பிரதர்ஸ் கோச் கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டார், "ரெண்டடி முன்னாடி நின்னான் சார், கொடிய வச்சினு இன்னா பண்ணுது அந்தப் பொண்ணு, தூங்குதா?" கோல் சரி என்றால் நான் நடுக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். ஓடினால் முடிந்தது. யாரும் எதுவும் நிரூபிக்க முடியாது, கேமரா கிடையாது. கொடியைத் தூக்கினாலும் முடிந்தது. இரண்டில் எதைச் செய்தாலும் நான் பார்த்தேன் என்று ஆகும். விஜயராகவன் சார் எழுந்து நின்றிருக்கிறார். சந்தேகம் வந்தால் கொடி தூக்காதே என்று புத்தகத்திலேயே இருக்கிறது, ஆகவே ஓடலாம், அது தப்பில்லை. ஆனால் இது சந்தேகமா? பார்த்து, தெரியாமல் போனால் சந்தேகம். ஓடு, எப்சி. ஜூன் பத்து. ஓடு. கால் நகரவில்லை. பயத்தில் நகரவில்லையா, நேர்மையில் நகரவில்லையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இதைப் பின்னால் யாராவது நல்லவிதமாகச் சொன்னால் நான் நம்பக் கூடாது. நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துத் தனசேகர் சார் இரண்டு அணிக்காரர்களையும் கையால் தள்ளி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். மூச்சு வாங்குகிறது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "இன்னாமா? ஆஃப்சைடா?" என்றார். "தெரியல சார்." "தெரியலன்னா? சரியா தெரியலையா?" "பாக்கவே இல்ல சார். கிருபா அண்ணனப் பாத்துட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என் கொடியைப் பார்த்தார். "எனக்கும் தெரியல. நான் இருந்த எடத்துலேர்ந்து லைன் தெரியாது" என்றார். பிறகு, "அப்ப கோல்தான். வேற வழி இல்ல. ஆனா சந்தேகம் வேற, பாக்கலன்றது வேற. புரியுதா?" "புரியுது சார்." "மேட்ச் முடிஞ்சு விஜயராகவன் சார் கேப்பாரு. சந்தேகமா இருந்துச்சுன்னு சொன்னா அவரு ஒண்ணும் பண்ண முடியாது." "பாக்கலன்னுதான் சார் சொல்லுவேன்." சொல்லும்போதே, ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று என் மேலேயே கோபம் வருகிறது, அம்மாவின் முகம் வருகிறது. அவர் பெருமூச்சு விட்டார். "நீ ஒருத்தி. சரி, இன்னும் பத்து நிமிஷம் கீது. அதையாவது பாரு. ஒண்ணு தப்பாச்சுன்னு மீதியும் வுட்டா, அப்ப நிஜமாவே ஃபெயிலு." விசில். நடுவட்டத்தைக் காட்டினார். ஒன்று, ஒன்று. பால்கனியில் யாரோ தட்டைத் தட்டுகிறார்கள். "கொடி அக்கா வாழ்க!" என்கிறான் கும்மிடிப்பூண்டிக்காரன், கால்வாய் ஆட்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். கிருபா அண்ணன் மறுபடி நிழலுக்கு வந்து நிற்கிறார். யாருக்கும் தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டு வந்தவர் போல, முட்டித் துணியை இறுக்கிக் கட்டுகிறார். மூச்சு வாங்குகிறது அவருக்கும். இங்கே வரை கேட்கிறது, ரம்பம் இழுக்கிற மாதிரி.

அதைக் கேட்டுக்கொண்டே நிற்கிறேன். நாலாம் நம்பரின் குதிகால். வெள்ளை சாக்ஸில் மண். இருபத்து மூன்று. இருபத்து நாலு. இந்த மூச்சு, உள்ளே போகும்போது விசில் மாதிரி, வெளியே வரும்போது இருமல் மாதிரி. பந்து அவருக்கு ஒரு தடவை வந்தது, உடனே பின்னால் தள்ளிவிட்டார். அந்தத் தள்ளலுக்கும் சத்தம் இல்லை. ஆனால் மூச்சு நின்றது. கவனித்தேன்: அவர் காலை எடுக்கும்போது மூச்சு நிற்கிறது, பந்து போனதும் மறுபடி தொடங்குகிறது. இருபது வயதில் இது இருந்திருக்காது. அவர் எப்போது தட்டுவார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது. எனக்கு இது தெரிய வேண்டாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. திருடுகிற மாதிரி இருக்கிறது. இருபத்தேழாவது நிமிஷம் பந்து மறுபடி அவருக்கு வந்தது. உயரமாக வந்திருக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் கூட்டம் முதலில் "ஏய்" என்று தலையைத் தூக்கியது. நான் குதிகாலைப் பார்க்கிறேன். "டேய் டேய் டேய்" என்கிறான் ஒருவன். ரியாஸ் நாலாம் நம்பருக்குப் பக்கத்தில், ஓடத் தயாராக, கைவிரல்கள் துடிக்கின்றன. மூச்சு, இருமல், மூச்சு, இருமல். எனக்கு நாலு அடி தூரத்தில் ஏதோ நடக்கிறது. கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைப் பார்க்கிறேன். ஒரு பெண்ணின் குரல், "அய்யோ, பாரேன் அத்த!" என்கிறது மேலே பால்கனியில். பாரேன். ஒருவர் சிரிக்கிறார், சந்தோஷத்தில் அழுவது போல. கண்ணில் நீர் முட்டுகிறது, குதிகால் மங்குகிறது, சிமிட்டினால் போய்விடும், சிமிட்டவில்லை. ரியாஸ் ஒரு அடி முன்னால் போகிறான். மூச்சு நிற்கிறது. இப்போது. ரியாஸின் முட்டி, தோள், தலை, முழு ஆளும் நாலாம் நம்பரைத் தாண்டி நிற்கிறது. ஒரு அடி. படம் இருக்கிறது. கை தானாக மேலே போனது.

வலை அசைந்ததையும் பார்க்கவில்லை, கத்தலில்தான் தெரிந்தது. பிறகு என் கொடியைப் பார்த்தார்கள். அந்தக் கத்தல் மாறியதை என்னால் வார்த்தையில் சொல்ல முடியாது. முதுகில் வந்து விழுந்தது ஒரு தண்ணீர்ப் பாக்கெட். "குருடி!" "கோல கொடுத்துட்டுப் புடுங்குதுடா!" "அந்த மாதிரி ஒண்ண இனிமே எவன்டா பண்ணுவான்!" தனசேகர் சார் தூரத்திலிருந்து கையை உயர்த்தி விசில் ஊதினார், ஆஃப்சைடு. அவர் என்னிடம் வரவில்லை. சாமியானாவில் விஜயராகவன் சார் குனிந்திருக்கிறார். அப்பா எழுந்து நிற்கிறார், இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு. அவர் எதற்காக அப்படி நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கொடி இன்னும் மேலேதான் இருக்கிறது.

ரியாஸ் என்னை நோக்கி ஓடி வந்தான். கிருபா அண்ணன் குறுக்கே கையை நீட்டி அவனை நெஞ்சில் தடுத்தார். "போடா. நீதான் அவசரப்பட்ட. ஒரு அடி. அது கரெக்டாதான் பாத்துச்சு." அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். இவர் குனிந்து முட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பந்தை யாரோ ஃப்ரீ கிக்குக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார், இன்றைக்கு முதல் தடவையாக நேராக. "நான் பண்ணத நீ பாத்தியா?" பேசக் கூடாது. ஆட்டக்காரரோடு பேசக் கூடாது, அட்டையில் ஒரு மதிப்பெண் குறையும்.

"இல்லண்ணே."

"அட." அவர் முகம் ஒரு குழந்தையின் முகம் மாதிரி விழுந்தது, பிறகு சிரித்தார், பல் ஒன்று இல்லை. "நல்லா வந்துச்சும்மா."

விசில் ஊதியது. நாலாம் நம்பர் ஏறினான். நான் கொடியை இறக்கிக்கொண்டு, பக்கவாட்டில், அவனுக்கு நேராக ஏறினேன்.